பயிற்சியாளர் வேலையை ஒரு தொழிலாக நடத்துங்கள்: குமரி மாவட்ட ஜிம் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். களியக்காவிளை முதல் அஞ்சுகிராமம் வரை, குளச்சல் முதல் குலசேகரம் வரை, இந்த மாவட்டத்தில் ஜிம் நடத்தும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்களில் சிலரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். சிலர் எனக்கு மூத்தவர்கள், முதன்முதலில் கம்பியைக் கையில் கொடுத்தவர்கள். இப்போது வீடுகளுக்குப் போயும், ஒரு சிறிய இடத்தில் வைத்தும் ஆட்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்துப் பிழைக்கிறேன்.

என்னிடம் பையன்கள் வந்து கேட்கிறார்கள். பிளஸ் டூ முடித்தவன், டிப்ளமோ வாங்கிவிட்டு வீட்டில் இருப்பவன், பி.காம். படித்துக்கொண்டே மாலையில் ஜிம்முக்குப் போகிறவன். “அண்ணே, எனக்கு இந்த லைன்லதான் வரணும். என்ன படிக்கணும், எங்க சேரணும்?” படிப்பைப் பற்றி என்னால் பதில் சொல்ல முடிகிறது. எங்கே சேர்வது என்று கேட்கும்போது உங்கள் கூடங்களில் எதன் பெயரைச் சொல்வது என்று தயங்குகிறேன். தெரிந்த பையனை அனுப்பிவிட்டு, ஆறு மாதத்தில் அவன் சம்பளத்துக்கு அலைவதையும், வருகிறவர்களுக்குப் புரதப் பவுடர் விற்பதையும், கடைசியில் தசை ஏற்றும் ஊசியோடு நிற்பதையும் பார்க்க எனக்கு மனம் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பயிற்சியாளர் வேலையை ஒரு தொழிலாக நடத்துங்கள். கற்றவனை எடுங்கள், கற்காதவனைக் கற்க வையுங்கள், அதற்கேற்ற சம்பளத்தை எழுத்தில் கொடுங்கள். மற்றதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

நீங்கள் ஆள் எடுக்கும் விதத்தில் இருந்து தொடங்குகிறேன். ஆணழகன் போட்டியில் மேடை ஏறியவனா, கை எவ்வளவு தடித்திருக்கிறது, இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பார்க்கிறார்கள், இவற்றைத்தான் பார்க்கிறீர்கள். மேடை ஏறுவது லேசான காரியம் இல்லை. வாயைக் கட்டி, ஆசையைக் கட்டி மாதக்கணக்கில் பாடுபட்டவன் மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. ஆனால் தன் உடம்பை வளர்க்கத் தெரிந்தவனுக்கு அடுத்தவர் உடம்பைப் பொறுப்பேற்கவும் தெரிந்திருக்கும் என்று நாமாக முடிவு கட்டிக்கொள்கிறோம். இருபது வயதில் நன்றாகத் தின்று, நன்றாக உறங்கி ஏறிய தசை அது. எதைச் செய்ததால் ஏறியது, எதைச் செய்தும் கெடாமல் தப்பியது என்று பல நேரம் அவனுக்கே தெரியாது. தான் செய்ததையே ஐம்பது வயது ஆளுக்கும் கொடுக்கிறான்.

அந்த ஐம்பது வயது ஆள்தான் இன்று உங்கள் கூடத்துக்கு அதிகம் வருகிறார். கல்ஃபில் இருபது வருடம் வண்டி ஓட்டி, உட்கார்ந்தே இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். தைராய்டு மாத்திரை போடும் டீச்சர். முட்டு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்ல, எடையைக் குறைக்க வந்த பெரியம்மா. அருமனைப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டியே கழுத்தும் தோளும் இறுகிப்போனவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. அவர்களில் யார் டாக்டரைப் பார்க்கப் போனாலும் மாத்திரையோடு சேர்த்துக் கேட்கிற முதல் வார்த்தை, “உடம்பை அசைக்கணும்” என்பது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும், அதோடு 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. டாக்டர் பேச்சைக் கேட்டு அவர் நேராக வருவது உங்கள் வாசலுக்குத்தான்.

அங்கே அவரிடம் முதலில் கேட்கப்படுவது, கட்டணம் மாசத்துக்கா, மூணு மாசத்துக்கா, வருஷத்துக்கா என்பது.

பயிற்சி தொடங்கும் முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் உலகம் முழுக்க ஒரு தாளில் அடங்கிவிட்டன. பார்-க்யூ என்பார்கள். வெறும் 7 கேள்வி. இதயத்தில் கோளாறு என்று எந்த டாக்டராவது சொன்னாரா, உழைக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா, சும்மா இருக்கும்போது கடந்த மாதத்தில் வலித்ததா, தலைசுற்றி விழுந்ததுண்டா, எலும்பு மூட்டில் தொந்தரவு உண்டா, பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை போடுகிறீர்களா, வேறு ஏதாவது காரணம் உண்டா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். இதை ரசீதுக்குப் பின்பக்கத்தில் அச்சடித்துவிடலாம். நான் வேலை பார்த்த இடங்களில் இந்தத் தாளைக் கண்ணால் கண்டதில்லை.

தெரியாதவன் கையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டு, வெறும் வயிற்றில் காலை ஐந்தரைக்கு ஒருவர் வருகிறார். கால் பயிற்சி நாள். மூன்றாவது செட்டில் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது. பயிற்சியாளர் அதைச் சோர்வு என்று நினைத்து, “இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு” என்று கை தட்டுகிறான். அவருக்கு ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. உடனே உட்கார வைத்து 15 கிராம் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று படித்தவனுக்குத் தெரியும். இன்னொன்று, முதல் நாளே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் போட வைத்து ‘கெத்து’ காட்டுவது. இரண்டாம் நாள் அந்தப் பையனுக்குத் தொடை வீங்கி, சிறுநீர் பாலில்லாத கட்டன் சாயா நிறத்தில் போகும். தசை உடைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிற நிலை அது. வீட்டில் படுத்துக் கிடந்து சரியாகிற வலி இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். “புது ஆளுக்கு அப்படித்தான் வலிக்கும்” என்று சொல்லி அனுப்புகிற பயிற்சியாளர் அவன் உயிரோடு விளையாடுகிறான்.

மூச்சை அடக்கிக்கொண்டு கனம் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும் என்பதையும், பிரஷர் இருப்பவரை எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லித் தர ஆளில்லாமல் எத்தனையோ கூடங்களில் டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் கனக் கம்பியைத் தூக்கி நிமிர்கிற பயிற்சி, நடக்கிறது.

இந்தத் தொழிலின் அருமை எங்கே இருக்கிறது என்று நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதற்காக ஒன்றைச் சொல்கிறேன். மீன்பிடித் தடைக் காலத்தில் கடற்கரை ஊர்களில் இருந்து ஆட்கள் பயிற்சிக்கு வருவார்கள். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது. அப்படி வந்த ஒருவருக்கு நடு வயது, நாள்பட்ட இடுப்பு வலி. வலை இழுத்தும், மீன் பெட்டி தூக்கியும் கெட்ட இடுப்பு. வந்ததும், “தம்பி, எனக்கு அந்தப் பெரிய கம்பியைத் தூக்கிக் காட்டணும்” என்றார். தூக்குகிற வலு அவரிடம் உண்டு, ஆனால் குனிகிற விதம் தப்பு. தரையில் கிடந்த துண்டை எடுக்கச் சொன்னேன். இடுப்பு மடங்கவே இல்லை. முதுகு மட்டும் வில்லாக வளைந்தது.

தரை துடைக்கிற மாப்பில் இருந்து கம்பைக் கழற்றி அவர் முதுகோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்தேன். பின்மண்டையில் ஒரு தொடுகை, தோள்பட்டை நடுவில் ஒன்று, வால் எலும்பில் ஒன்று. “அண்ணே, இந்த மூணு இடமும் கம்பை விடக்கூடாது. அப்படியே பின்பக்கத்தால ஒரு கதவைச் சாத்துங்க.” முதல் தடவை வால் எலும்பு விலகியது. அடுத்தது மண்டை. முழங்காலை லேசாக இளக்கச் சொன்னேன். பார்வையைக் கால்விரலுக்கு நாலடி முன்னால் வைக்கச் சொன்னேன். மெதுவாக இடுப்பு பின்னுக்குப் போய், தொடையின் பின் தசை இழுபட்டது. அந்த இடத்தில் அவர் முகம் மாறியது. “இது இடுப்புல வரலியே தம்பி, தொடையிலல்லா பிடிக்குது” என்றார். அங்கேதான் பிடிக்க வேண்டும். அதன்பிறகு கொஞ்சநாள் கம்பியைத் தொடவே விடவில்லை. கம்போடு குனிதல், பிறகு ஒரு வெறும் மீன் பெட்டி, அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம். வெளிப்பார்வைக்கு இதில் காட்ட ஒன்றுமே இல்லை. ஆனால் மறுபடி கடலுக்குப் போகும்போது பெட்டியை எப்படி எடுக்க வேண்டும் என்பது அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

இந்த அறிவுக்கு நீங்கள் வைத்திருக்கும் விலை என்ன? எடைத் தட்டை அடுக்கி வைக்கவும், டிரெட்மில்லைத் துடைக்கவும் ஒரு பையன். மீதி நேரத்தில் அவனே பயிற்சியாளர்.

படிக்க வழி இல்லை என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வழி இருக்கிறது. 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி சென்னை நந்தனத்தில் இன்றும் நடக்கிறது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நமக்குச் சென்னையைவிட எவ்வளவோ பக்கம், திருவனந்தபுரம் காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி. பி.பி.எட். என்பது பள்ளி உடற்கல்வி ஆசிரியருக்கான படிப்புதான், ஆனாலும் அதைப் படித்தவன் உடலியலில் நல்ல அடித்தளத்தோடு வருவான். பட்டம் எட்டாதவனுக்கு, தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் 4ஆம் நிலையில் ‘ஃபிட்னஸ் ட்ரெய்னர்’ என்றே ஒரு தகுதி உண்டு. வெளிநாட்டு அமைப்புகள் நடத்தும் தேர்வுகளும் உண்டு. அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சில் (ஏ.சி.இ.) நடத்தும் தேர்வுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், சி.பி.ஆர். என்கிற, நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவிக்கான சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், 3 மணி நேரத்தில் 150 கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். இவற்றோடு, இரண்டு நாள் வகுப்பு வைத்து மூன்றாம் நாள் தங்க எழுத்தில் சான்றிதழ் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்களில் பலர் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அதைத்தான். அந்தச் சான்றிதழைக் கொடுத்தவர் யாரிடம் பதிவு பெற்றவர் என்று கேட்டுப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

பையன்களுக்கு உள்ள தடை இரண்டு. ஒன்று பணம். இன்னொன்று ஆங்கிலம். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் நம்முடையது. புத்தகத்துக்குப் பயப்படுகிற ஊர் இல்லை. தமிழ்வழியில் படித்த பையனுக்கு எலும்பு, தசை, மூட்டு எல்லாம் பள்ளியிலேயே தெரியும். அதையே ஆங்கிலத் தடிப் புத்தகமாகக் கொடுக்கும்போது மலைத்துப்போகிறான். இதற்கு நீங்கள் செய்யக்கூடியது பெரிய காரியம் இல்லை. மதியம் கூடம் சும்மாதான் கிடக்கிறது. இரண்டு மூன்று கூடங்கள் சேர்ந்து, வாரத்தில் ஒரு நாள் ஒரு பிசியோதெரபிஸ்டை அழைத்து வந்து பையன்களுக்குத் தமிழில் வகுப்பு வைக்கலாம். தேர்வுக் கட்டணத்தை முன்பணமாகக் கொடுத்து, சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம். தேறியபின் ஒரு வருடம் உங்களிடமே வேலை பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள், அது நியாயம்தான். ஒரிஜினல் மார்க் ஷீட்டைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது.

காலை ஐந்து முதல் பத்து வரை ஒரு ஷிஃப்ட். மாலை நாலு முதல் பத்து வரை இன்னொன்று. நடுவில் ஆறு மணி நேரம் சம்பளம் இல்லாத நேரம். நாகர்கோவிலில் வேலை பார்க்கும் பையனுக்கு வீடு பேச்சிப்பாறைப் பக்கம் என்றால் அவன் எங்கே போவான்? பாயை விரித்துக் கூடத்திலேயே படுக்கிறான். ராத்திரி பதினொன்றரைக்கு வீடு சேர்ந்து மறுபடி நாலு மணிக்கு எழுகிறான். உறக்கம்தான் மருந்து என்று அடுத்தவருக்குச் சொல்ல வேண்டியவன், தான் உறங்குவதில்லை. காலை ஷிஃப்டுக்கு ஒருவன், மாலைக்கு ஒருவன் என்று வைத்தால் செலவு கூடும் என்பீர்கள். வாரத்தில் மூன்று நாள் இவன் காலை, மூன்று நாள் மாலை என்று மாற்றி அமைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அந்த நேரத்தில் அவன் படிக்கலாம், தன் ஆட்களின் பயிற்சித் திட்டத்தை எழுதலாம்.

தனிப் பயிற்சிப் பங்கு அடுத்தது. ஒருவர் தனிப் பயிற்சிக்கு மாதம் 6,000 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆளைச் சேர்த்தது பயிற்சியாளர், மாதம் முழுக்க நின்றது பயிற்சியாளர். இடமும் கருவியும் உங்களுடையது. பாதிப் பாதி என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படிப் பேசிவிட்டு, மாதக் கடைசியில் கரண்ட் பில் கூடிவிட்டது என்று என் பங்கில் பிடித்தார்கள். அடுத்த மாதம் மெஷின் சர்வீஸ் என்றார்கள். எழுத்தில் ஒரு வரி இல்லை. எதைக் காட்டி நான் கேட்பது? வேலையை விட்டபோது, என்னிடம் பயிற்சி எடுத்தவர்களோடு இனிப் பேசக்கூடாது என்றும் சொன்னார்கள். இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

சம்பளச் சீட்டு இல்லாததால் பையனுக்கு டூவீலர் லோன் கிடைப்பதில்லை. பெண் கேட்டுப் போனால், “ஜிம்முல நிக்கான்னா, அது ஒரு சோலியா?” என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முப்பது வயதிலும் இருபது வயதுச் சம்பளம், நாற்பதில் என்ன ஆவான் என்று யாராலும் சொல்ல முடியாத வேலை. அவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்? அதனால் நல்லவன் எல்லாம் துபாய்க்கோ பஹ்ரைனுக்கோ போய்விடுகிறான். அமீரகத்தில் பயிற்சியாளர்களுக்கென்று தனிப் பதிவேடே வைத்திருக்கிறார்கள், அதில் இடம் பிடிக்க அங்கே போய்ப் படிக்கிறான். அந்தப் படிப்பை இங்கே படிக்க வைத்து, இரண்டாம் வருடம் சீனியர், ஐந்தாம் வருடம் தலைமைப் பயிற்சியாளர் என்று ஒரு படி வைத்திருந்தால் அவன் அம்மாவோடு இருந்திருப்பான்.

சம்பளம் குறைவாக இருப்பதற்கும் கூடத்துக்குள் ஊசி நுழைவதற்கும் நேரான தொடர்பு இருக்கிறது. இதை நான் கண்ணாரக் கண்டவன். அடிப்படைச் சம்பளத்தில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டால் மிச்சம் இல்லை. அப்போது டப்பா ஒன்றுக்கு இவ்வளவு கமிஷன் என்று ஒருவர் வருகிறார். பயிற்சியாளர் எல்லோருக்கும் பவுடர் எழுதுகிறான். பவுடரில் பெரிய மாற்றம் தெரியாதபோது, அதே கை அடுத்த சரக்கைக் கொண்டு வருகிறது. முதலில் அவனே போட்டுக்கொள்கிறான், ஏனென்றால் உடம்பைக் காட்டித்தான் நீங்கள் அவனுக்கு வேலை கொடுத்தீர்கள், உடம்பு இளைத்தால் வேலை போகும். பிறகு பதினெட்டு வயதுப் பையனுக்குப் போடுகிறான்.

அந்த வயதில் வெளியில் இருந்து டெஸ்டோஸ்டீரோன் ஏறினால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். விதை சுருங்கும், விந்தணு குறையும், மார்பு பெண்களுக்குப் போல் வளரும். கெட்ட கொழுப்பு கூடி, இதயத் தசை தடிக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. இப்போது மெஃபென்டர்மைனும் வந்துவிட்டது. அறுவை சிகிச்சையில் மயக்க மருந்தால் இறங்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதற்காக வைத்திருக்கும் ஊசி. அதை நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிற பையன் வேகத்துக்காக ஏற்றிக்கொண்டு பெஞ்ச் பிரஸ் போடுகிறான். ஒரே சிரிஞ்சை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதால் வரும் நோய்கள் தனி. உங்கள் கழிவறைக் குப்பைத் தொட்டியில் சிரிஞ்சு கிடந்தால் அது உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தும் கட்டணம் வருகிறதே என்று இருப்பவர்களிடம் நான் கைகூப்பிக் கேட்கிறேன். அந்தப் பையனின் அப்பாவும் உங்கள் ஊர்க்காரர்தான்.

பவுடரே கூடாது என்பது என் வாதம் இல்லை. உணவில் புரதம் எட்டாதவருக்கு அது உதவும். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, கடையில் ரசீதோடு வாங்கட்டும். ஆனால் நம் ஊரில் இருந்துகொண்டு முதலில் டப்பாவைக் கைகாட்டுவது எனக்கு மனத்தாங்கலாக இருக்கிறது. 100 கிராம் சாளை மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் கிடைக்கிறது. ஒரு முட்டையில் 6. புட்டும் சிறுபயறும் காலை உணவாக உள்ள வீடு நம்முடையது. மரச்சீனிக் கிழங்கு அவித்தால் மீன்கறி இல்லாமல் இறங்காது. கிழங்கின் அளவைக் கொஞ்சம் குறைத்து மீனைக் கொஞ்சம் கூட்டச் சொன்னால் போதும், பாதிப் பேருக்கு வேறு உணவுப் பட்டியலே தேவைப்படாது. இதைச் சொல்ல வீட்டுச் சாப்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற பொறுமை உள்ள பயிற்சியாளர் வேண்டும். டப்பா கமிஷனை நிறுத்திவிட்டு அந்தத் தொகையைச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுங்கள், அவன் நேர்மையாகப் பேசுவான்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘லேடீஸ் டைம்’ என்று காலை பத்து மணிக்கு மேல் ஒதுக்குகிறீர்கள், ஆனால் அங்கே நிற்பது ஆண் பயிற்சியாளர். பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தசை விலகியதையோ, தும்மும்போது சிறுநீர் கசிவதையோ ஒரு பெண் அவனிடம் எப்படிச் சொல்வாள்? சொல்லாமலே வயிற்றுப் பயிற்சி செய்து இன்னும் கெடுத்துக்கொள்கிறாள். உடற்கல்வி படித்த பெண்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள், கபடியும் தடகளமும் ஆடி மாநில அளவுக்குப் போனவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய் அழையுங்கள். பகல் நேர வேலை, வீட்டுக்குப் பக்கத்தில், மரியாதையான சம்பளம் என்றால் வருவார்கள். நான் பயிற்சி கொடுக்கும் வீடுகளில் பெண்கள் முதலில் கேட்பதே, “தம்பி, லேடி ட்ரெய்னர் யாராவது உண்டா?” என்பதுதான்.

நம் மண்ணுக்கு இது புதிய விஷயமும் இல்லை. அடிமுறையும் சிலம்பமும் சொல்லிக் கொடுத்த ஆசான்கள் வாழ்ந்த மாவட்டம் இது. 108 வர்மத்தில் எங்கே பட்டால் என்ன ஆகும் என்று அறிந்த ஆசானுக்கு, பட்டவனை எழுப்ப அடங்கல் எடுக்கவும், எண்ணெய் போட்டுத் தடவவும், கஞ்சிக்கு மருந்து சொல்லவும் தெரிந்திருந்தது. அதெல்லாம் தெரியும் வரை சீடனைத் தனியாகக் களரியில் நிற்க விடமாட்டார். நவீன மருத்துவத்தின் இடத்தில் வர்மத்தை வைக்கச் சொல்லவில்லை. ஆபத்து வந்தால் எடுக்கத் தெரியாதவன் கையில் ஆளைக் கொடுக்காத அந்த ஒழுங்கைத்தான் கேட்கிறேன்.

இன்று அதற்குச் சமமானது சி.பி.ஆர். உங்கள் கூடத்தில் ஒருவர் மயங்கி விழுந்து மூச்சு நின்றால், 108 ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை நெஞ்சை அழுத்த ஆள் வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிறுத்தாமல். பொம்மையில் செய்து பழகாதவனுக்கு அந்த நேரத்தில் கை வராது. தண்ணீர் தெளித்துக்கொண்டு, கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு நிற்பான். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஒவ்வொருவராகப் போனால் நடக்காது, நாற்பது ஐம்பது கூடங்கள் சேர்ந்து எழுதிக் கேட்டால் ஒரு நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யாமல் இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் மெயின் ரோட்டு வாடகை என்ன என்று எனக்குத் தெரியும். மெஷின்கள் கடனில் வந்தவை. எதிரில் ஒருவர் புதிதாகத் திறந்து, ஒரு வருடக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துப் பேனர் வைக்கிறார். ஜனவரியில் சேர்கிற கூட்டம் மார்ச்சில் காணாமல் போகிறது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு வருகிற பையன் தாலி கட்டிய பிறகு எட்டிப் பார்ப்பதில்லை. இப்படி இருக்கும்போது சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அவர்கள் ஏன் நின்றுபோகிறார்கள் என்று யோசியுங்கள். தோள் வலித்ததால் நின்றவர், யாரும் கண்டுகொள்ளாததால் நின்றவர், மூன்று மாதமாக ஒரே அட்டவணையைச் செய்து சலித்து நின்றவர். என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படி உங்கள் கூடங்களில் இருந்து நின்றவர்கள்தான். புது மெஷின் வாங்குகிற பணத்தில் ஒரு பங்கை நல்ல பயிற்சியாளருக்குக் கொடுத்திருந்தால் அவர்கள் உங்களிடமே இருந்திருப்பார்கள். குறைந்தபட்சச் சம்பளத்தை ஒரு கூடம் மட்டும் உயர்த்தினால் அடி வாங்கும். நாகர்கோவில் கூடங்கள் ஒன்றாக உட்கார்ந்து, இதற்குக் கீழே யாரும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால் யாருக்கும் நட்டம் இல்லை.

என்னால் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். அந்த 7 கேள்வித் தாளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், நம் ஊர்ப் பேச்சில், பெரியவர்களுக்குப் புரிகிற மாதிரி. பயிற்சியாளருக்கும் கூடத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்கு ஒரு பக்க மாதிரியும் உண்டு. மாதச் சம்பளம், வேலை நேரம், வார விடுப்பு, தனிப் பயிற்சியில் யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுப்பது, படிப்புக்குக் கொடுத்த முன்பணம், விலகுவதற்கு இரு பக்கமும் கொடுக்க வேண்டிய அவகாசம், ஊசி மருந்து விற்றால் அன்றே வெளியேற்றம். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. இரண்டையும் யார் கேட்டாலும் தருகிறேன், காசு வேண்டாம். சரியில்லாத வரியை அடித்து உங்கள் வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பையன்களுக்கு மதிய வகுப்பு வைப்பதாக இருந்தால் உடல் இயக்கப் பாடத்தை நான் வந்து எடுக்கிறேன். முதல் கூட்டத்தை யார் கூட்டுவது, எந்தக் கூடத்தில் வைப்பது என்பதை உங்களில் மூத்த ஒருவர் முன்வந்து சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கூடங்களில் நின்று வளர்ந்த ஒரு பயிற்சியாளன்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்